வட்டியைப் பூட்டும் வேளை

அமெரிக்க நாட்டில் பணி செய்யும் பிள்ளைகள் அங்கே வீடு வாங்கப் புகும்போது, ஊரிலிருக்கும் பெற்றோரிடம் முன்பணத்துக்கு உதவி கேட்பதோடு ஒரு யோசனையும் கேட்கிறார்கள். "வட்டியை இன்றே பூட்டிவிடலாமா, இன்னும் ஒரு வாரம் பொறுக்கலாமா?" என்பதே அது. நெசவும் வேளாண்மையும் செய்யும் நம் அன்பர்களுக்கும் இக்கேள்வி இனி அந்நியமானதன்று. ஆதலின் நமது கருத்தைக் கூறுகிறோம்.

அந்நாட்டில் வீட்டுக் கடன் பெரும்பாலும் 30 ஆண்டுக்கு மாறாத வட்டியில் கிடைக்கிறது. விண்ணப்பம் கொடுத்த நாளுக்கும் பத்திரம் முடியும் நாளுக்கும் இடையே பல வாரங்கள் கழிந்துவிடும். அவ்விடைக்காலத்தில் சந்தை எப்படி ஆடினாலும், குறித்த வீதத்திலேயே கடன் தருவதாக உறுதி பெறுவதுதான் பூட்டுதல் என்பது. 30, 45, 60 நாள் என இதற்குத் தவணை உண்டு. தவணை நீளும்போது செலவும் கூடுவது வழக்கம்.

ஃபிரெடி மாக் என்னும் நிறுவனம் 1971 முதல் வாரந்தோறும் சராசரி வட்டியைக் கணித்து வெளியிடுகிறது. அந்தக் கணக்கில் 1981 அக்டோபரில் 18.63 சதவீதம் வரை ஏறிய வட்டி, 2021 ஜனவரியில் 2.65 சதவீதத்துக்கு இறங்கியது. இவ்வளவு ஏற்ற இறக்கத்தைக் கண்டவர், அடுத்த வாரம் இன்னும் குறையாதா என்று ஏங்குவது இயல்பே. ஆனால் அவ்வெண் கழிந்த வாரத்தின் சராசரி. கடன் தருவோரின் விலையோ நாள்தோறும் மாறுகிறது. சென்ற சந்தையில் பருத்தி விற்ற விலையை நம்பி அடுத்த சந்தைக்கு வண்டி கட்டியவர்களுக்கு இதை நாம் விளக்க வேண்டுவதில்லை.

மத்திய பாங்கி வட்டியைக் குறைத்தால் வீட்டுக் கடனும் மலிந்துவிடும் என்ற நம்பிக்கையும் உறுதியானதன்று. 2024 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை அமெரிக்க மத்திய பாங்கி மும்முறையாக மொத்தம் ஒரு சதவீதம் குறைத்தது. வீட்டுக் கடன் வட்டியோ செப்டம்பர் இறுதியில் 6.08 சதவீதமாக இருந்து, 2025 ஜனவரி நடுவில் 7.04 சதவீதமாக ஏறிற்று! நீண்டகாலச் சர்க்கார் கடன் பத்திரங்களின் வருவாயை ஒட்டியே அது நடப்பதும், குறைப்பு வருமென்று சந்தை முன்கூட்டியே கணக்கிட்டுவிடுவதும் காரணங்கள். 3 லட்சம் டாலர் கடனுக்கு இந்த வேறுபாடு மாதத் தவணையில் சுமார் 190 டாலர்.

வீடு உறுதியாகி, தவணை குடும்ப வருமானத்துக்குள் அடங்குமாயின், காத்திராமல் பூட்டிவிடுவதே தக்கது என்பது எம் கருத்து. பின்னர் வட்டி நன்கு குறைந்தால், செலவு செய்தேனும் புதுக் கடன் வாங்கிப் பழையதை அடைக்கலாம். ஏறிவிட்டாலோ திரும்பும் வழியில்லை. இழப்பு ஒரு பக்கமே கனத்திருக்கும்போது, கடைசிக் கால் சதவீதத்துக்காகச் சூதாடுவானேன்? சிறிது கூடுதல் கட்டணத்துக்கு, இறங்கினால் இறங்கிய வீதத்தையே தரும் ஏற்பாடும் சிலரிடம் உண்டு. மனம் ஆறாதவர் அதை விசாரிக்கலாம்.

இந்த யோசனையை அப்படியே நம் நாட்டுக் கடனுக்குப் பொருத்தலாகாது. இங்கே வர்த்தக பாங்கிகளின் மாறும் வட்டி வீட்டுக் கடன்கள் 2019 அக்டோபர் முதல் ரெப்போ போன்ற வெளி அளவுகோலுடன் இணைக்கப்பட்டுள்ளன. அவற்றில் பூட்டுவதற்கு ஒன்றுமில்லை.

பெற்றோர் கவனிக்க வேண்டியது வேறொன்று. நாம் அனுப்பும் பணம் நன்கொடையே, திருப்பித் தர வேண்டிய கடனன்று என்று கையொப்பமிட்ட கடிதத்தை அங்குள்ள கடன் நிறுவனங்கள் கேட்கும். பணம் வந்த வழிக்கும் சான்று கேட்பார்கள். இவை தாமதித்தால் பூட்டிய தவணை கடந்துபோய், நீட்டிப்புக் கட்டணம் பிள்ளையின் தலையில் விழக்கூடும். ஆகவே உதவ இசைந்தவர்கள், பிள்ளை பூட்டுவதற்கு முன்பே இங்குள்ள பாங்கிக்குச் சென்று, வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் பத்திரங்களை ஆயத்தம் செய்துகொள்ள வேண்டும்.