கடைசி வண்டி யாருக்கு?

தலைநகரம் எது என்று கேட்டால், சட்டசபை கூடும் ஊர் என்று சிறு பிள்ளையும் சொல்லிவிடும். பள்ளிப் புத்தகம் சொல்லும் விடை அது. நான் வேறோர் இலக்கணம் சொல்வேன். வெளியூரில் இருக்கும் ஓர் ஏழை மாலையில் வந்து, பாட்டுக் கேட்டு, நாடகம் பார்த்து, நாலு புத்தகம் வாங்கிக்கொண்டு, அன்றிரவே வீடு திரும்ப முடிகிற ஊர் எதுவோ, அதுவே அவனுக்குத் தலைநகரம். திரும்ப முடியாவிட்டால் அது பிறருடைய தலைநகரம். அவனுக்கு அது வெறும் வேடிக்கை. இந்த அளவுகோலைக் கொண்டு சென்னையை அளந்து பார்க்க எண்ணுகிறேன். பௌதிகம் படிப்பவன் அளவுகோலைத் தூக்குவதில் வியப்பில்லை அன்றோ?

விஜயபுரத்தான் ஒருவன் திருப்பதியில் இருந்துகொண்டு சென்னையைப் பற்றிப் பேசுவானேன் என்று நண்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். என் பாட்டனார் காஞ்சிபுரம் பக்கமிருந்து தறி வேலை தேடி வந்து நகரியை அடுத்த எங்கள் ஊரில் குடியேறியவர். வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு. எங்கள் பக்கத்துத் தறிகளில் நெய்த துணி போவதும் சென்னைக்கு. பெருநோய் கண்டால் நாங்கள் ஓடுவதும் சென்னைக்கு. சட்டப்படி எங்கள் தலைநகரம் எது? 1953-இல் கர்நூல். 1956-இல் ஐதராபாத். 2014-இல் மாநிலம் பிரிந்த பிறகு அமராவதி. அதற்குத் தெலுங்கு தேசம் ஆட்சியில் 2015-இல் அடிக்கல் நாட்டினார்கள். 2019-இல் வந்த ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ், ஒன்று போதாது, மூன்று வேண்டும் என்றது. 2024-இல் முன்னவர்கள் திரும்பினார்கள். 2025 மே மாதம் வேலை மறுபடி தொடங்கிற்று. சட்டத்தின் தலைநகரம் இப்படி அல்லாட, வாழ்வின் தலைநகரம் மட்டும் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவில் அசையாமல் நிற்கிறது.

அந்த நகரம் யாருக்கு என்பதற்கே ஒரு காலத்தில் பெரும் போர் நடந்தது. "மதராஸ் மனதே" என்று ஆந்திரர் முழங்கினர். தலையைக் கொடுத்தேனும் தலைநகரைக் காப்போம் என்று ம.பொ.சி.யின் தலைமையில் தமிழரசுக் கழகத்தார் எழுந்தனர். பொட்டி ஸ்ரீராமுலு 1952 டிசம்பர் 15-ஆம் நாள் உண்ணாநோன்பிலேயே உயிர் துறந்தார். 1953 அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் பிறந்தது. சென்னை தமிழகத்திலேயே நின்றது. 1960 ஏப்ரலில் திருத்தணி தமிழகம் வந்து சேர்ந்தது, நகரி வரவில்லை. பழங்கணக்கைக் கிளற நான் இதைச் சொல்லவில்லை. அந்த முழக்கத்துக்கு நடுவே, அதே 1953-இல், ஏப்ரல் 12-ஆம் நாள், 1895 முதல் சென்னைத் தெருக்களில் ஓடிய டிராம் நின்றுபோயிற்று. கம்பெனி நொடித்துவிட்டது. நகரம் யாருடையது என்ற கேள்விக்கு உயிர் கொடுக்கவும் ஆள் இருந்தார்கள். நகரத்துக்குள் ஏழை எதில் ஏறிப் போவான் என்ற கேள்வி அமுங்கிப்போயிற்று.

அன்று தொடங்கிய வழக்கம் இன்றும் விடவில்லை. கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை 1995-இல் ஓடிய பறக்கும் ரெயில், திருமயிலைக்கு வர 1997 ஆயிற்று, வேளச்சேரிக்கு 2007. வேளச்சேரியிலிருந்து பரங்கிமலை வெறும் 5 கிலோமீட்டர்! 2008-இல் தொடங்கிய அந்த வேலை பதினைந்து ஆண்டு கடந்தும் முடியவில்லை. மெட்ரோ ரெயில் வேலை 2009-இல் தி.மு.க. ஆட்சியில் தொடங்கியது. 2011-இல் வந்த அ.தி.மு.க. ஆட்சி, எங்கள் விருப்பம் மோனோ ரெயில், முதலில் 111 கிலோமீட்டர் என்று ஆளுநர் உரையிலேயே சொல்லிற்று. அந்த மோனோ ரெயில் காகிதத்திலேயே ஓடி, காகிதத்திலேயே நின்றது. மெட்ரோவையோ நிறுத்தவில்லை, 2015 ஜூன் 29-இல் கோயம்பேட்டுக்கும் ஆலந்தூருக்கும் இடையே தொடங்கி வைத்ததும் அவர்களே. பிறகு, பெற்றவர் யார், வளர்த்தவர் யார் என்ற வழக்கு இரு கட்சிக்கும் இடையே ஓயவில்லை. ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். முன்னவர் போட்ட தண்டவாளத்தைப் பின்னவர் பெயர்த்து எறியவில்லை. அமராவதியைப் பார்த்த கண்ணுக்கு இதுவே பெரிதாகத் தெரிகிறது.

இரண்டாம் கட்டத்தின் கதை இன்னும் சுவையானது. 2020 நவம்பர் 21-இல் கலைவாணர் அரங்கத்தில் அரசு விழா. மத்திய உள்துறை அமைச்சர் அமித் ஷா அடிக்கல் நாட்டினார். அதே மேடையில், பாரதீய ஜனதாவோடு கூட்டணி தொடரும் என்று அ.தி.மு.க. தலைவர்கள் அறிவித்தார்கள். ரெயில் பாதைக்கு வந்த கல்லோடு கட்சிக் கூட்டணிக்கும் கல் நட்டாயிற்று! என்.எஸ். கிருஷ்ணன் பெயர் கொண்ட அரங்கமாயிற்றே; அவர் இருந்திருந்தால் சிரிக்காமல் இருந்திருப்பாரா? பிறகு ஆட்சி மாறியது. பணம் யார் தருவது என்று சென்னைக்கும் டில்லிக்கும் இழுபறி. 118.9 கிலோமீட்டர், 63,246 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மத்திய மந்திரி சபை ஒப்புதல் தர 2024 அக்டோபர் ஆயிற்று.

பெயர் சூட்டும் போட்டியை நீட்டிச் சொல்லத் தேவையில்லை. பஸ் கழகங்களுக்குத் தலைவர்களின் பெயரை வைத்து, அது சாதிக் கலவரத்தில் முடிந்து, 1997-இல் எல்லாப் பெயர்களையும் அழித்தார்கள். அவ்வளவு பட்ட பிறகும் 2020-இல் மெட்ரோ நிலையங்களுக்கு மூன்று தலைவர் பெயர்கள். மக்கள் இன்னும் "சென்ட்ரல்" என்றே சொல்லுகிறார்கள்.

கட்சிகள் போக்குவரத்தில் செய்த நல்லது ஒன்றும் இல்லையா? உண்டு. பஸ்ஸுக்குள் குறளை எழுதி வைத்தார்களே, அது ஒன்று. தெலுங்கு வழியில் படித்த எனக்குத் திருத்தணி பஸ்ஸின் தகரமே தமிழ்ப் பாடநூல். கண்டக்டர் சீட்டுக் கிழிப்பதற்குள் ஒன்றேமுக்கால் அடியைக் கூட்டிப் படித்துவிடுவேன். 2021 மே மாதம் தமிழகத்தில் சாதாரணக் கட்டண நகர பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் நீக்கியது மற்றொன்று. ஆந்திரமும் 2025 ஆகஸ்டு 15-இல் இலவசப் பயணத்தைத் தொடங்கியது. ஆனால் எல்லை தாண்டும் பஸ்ஸுக்கு அச்சலுகை இல்லை. அங்கேயும் பெண் போகலாம், இங்கேயும் போகலாம். நடுவிலுள்ள கோட்டைத் தாண்டத்தான் என் அம்மா முந்தானையை அவிழ்த்துக் காசு எண்ண வேண்டும்.

இனிக் கலைக்கு வருவோம். மயிலாப்பூரில் மார்கழிக் கச்சேரி முடிய இரவு ஒன்பது, ஒன்பதரை ஆகும். ஆந்திரத்துக்கு வரும் பஸ்களுக்கு 2018 முதல் மாதவரத்தில் தனி நிலையம். மயிலையிலிருந்து அங்கே போக ஆட்டோக்காரர் அந்நேரத்தில் கேட்கும் கூலி, மாதவரத்திலிருந்து நகரி வரும் பஸ் சீட்டைவிட அதிகம். ஒருவாறு நகரி வந்து இறங்கினாலும் விஜயபுரத்துக்கு விடியும்வரை பஸ் இல்லை. ஆகவே எங்கள் ஊர்ப் பையன் கடைசிப் பாட்டுக்கு முன்பே எழுந்து விடுகிறான். அல்லது போகாமலே இருந்து விடுகிறான். முன் வரிசையில் இருப்பவர்கள் யார் என்று பாருங்கள். காரில் வந்தவர்களும் பக்கத்துத் தெருக்காரர்களும்தான். சபாக்கள் எங்களை வெறுக்கவில்லை. வண்டிதான் எங்களை விலக்குகிறது. காரில் போனாலும் தப்பமுடியாத நாள் உண்டு. 2023 செப்டம்பர் 10-இல் பனையூரில் ஏ.ஆர். ரகுமானின் இசை நிகழ்ச்சி. சீட்டு வாங்கிய பல்லாயிரம் பேர் கிழக்குக் கடற்கரைச் சாலையில் திணறினார்கள். அந்தப் பக்கம் ரெயிலே இல்லை.

வழியில்லை என்று சொல்ல முடியாது. 2024 ஐ.பி.எல். ஆட்டங்களுக்குச் சேப்பாக்கத்துக்குச் சீட்டு வைத்திருந்தோரை மெட்ரோவில் இலவசமாக ஏற்றினார்கள். வழக்கமாக இரவு 11 மணிக்கு முடியும் ஓட்டத்தை நள்ளிரவுக்கு அப்பாலும் நீட்டினார்கள். பந்துக்கு முடிந்தது பாட்டுக்கு முடியாதா? இரண்டாம் கட்டத்தின் ஒரு தடம் மாதவரத்தில் புறப்பட்டுத் திருமயிலை வழியாகச் சிறுசேரிக்குப் போகும்படி வகுக்கப்பட்டிருக்கிறது. எங்களுக்கென்றே வகுத்தாற்போன்ற தடம்! அதற்கு எந்தத் தலைவர் பெயரை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும். மயிலையில் கச்சேரி முடிந்து வரும் வண்டியும், மாதவரத்தில் வடக்கே கிளம்பும் பஸ்ஸும், நகரியில் காத்திருக்கும் ஊர் பஸ்ஸும் ஒரே அட்டவணையில் பொருந்தவேண்டும். பாதை முடியும்வரை காத்திருக்கவும் வேண்டாம். மயிலையிலிருந்து மாதவரத்துக்கு இரவு பத்து மணிக்கு ஒரு பஸ் விட்டு, ஒரு மார்கழிக்கு மட்டும் சோதித்துப் பார்க்கட்டும்.

நம் சங்கம் இரண்டு மனு எழுதவேண்டும். ஒன்று தமிழில், சென்னைக்கு; ஒன்று தெலுங்கில், விஜயவாடாவிலுள்ள பஸ் கழகத் தலைமை அலுவலகத்துக்கு. தெலுங்கு மனுவை நான் எழுதித் தருகிறேன்.