பாரம் யார் தலையில்?

நம் ஜனங்களுக்கு எந்தக் கஷ்டம் வந்தாலும் உடனே சொல்லப்படும் வாக்கியம் ஒன்றுண்டு. அதாவது, "பாரத்தை அவன்மேல் போடு, அவன் பார்த்துக்கொள்வான்" என்பதாகும். வியாதிக்கும் இதே மருந்து. பசிக்கும் இதே சோறு. ரோடில்லாத ஊருக்கும் இதே ரோடு. இதன் பொருள் என்னவென்று யாராவது யோசித்ததுண்டா?

பாரம் என்றால் சுமை. தலைச்சுமையாகவே சரக்குப் போன காலத்தில், வழிநடப்போர் பிறர் உதவியின்றிச் சுமையை இறக்கி ஏற்றுவதற்காக வழியோரங்களில் சுமைதாங்கிக் கல் நட்டிருந்தார்கள். பிள்ளைச்சுமையோடு இறந்துபோன பெண்களின் நினைவாக அதை நடுவதும் வழக்கம். ஆனால் தோழர்களே! கல்லின்மேல் சுமையைப் போட்டவன் எவனாவது, கல்லே அதைச் சந்தைக்குக் கொண்டுபோய்விடும் என்று வீட்டுக்குத் திரும்பியதுண்டா? இளைப்பாறினான், மறுபடியும் தன் தலையிலேயே ஏற்றினான், நடந்தான்.

நிற்க, வைணவ ஆசாரியர்கள் "பரந்யாசம்" என்று ஒன்று சொல்லுகின்றார்கள். பரம் என்றால் பாரம். ந்யாசம் என்றால் வைத்தல். 1268 முதல் 1369 வரை வாழ்ந்ததாகச் சொல்லப்படும் வேதாந்த தேசிகர் இதை விரித்து எழுதியிருக்கின்றார். தன்னைக் காக்கும் பொறுப்பைக் கடவுளிடம் ஒப்புவித்துவிட்டால் பிறகு அது கடவுள் பாடு என்பதே இதன் சாரம். இது மோட்சத்தைப் பற்றிய பேச்சு. அங்கே போய்த் திரும்பிவந்து சாட்சி சொன்னவன் ஒருவனுமில்லையாதலால் லாபநஷ்டக் கணக்குப் பார்க்க வழியில்லை. ஆனால் அதே பேச்சை ரோட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் சொன்னால் கணக்குப் பார்க்கலாமல்லவா?

ஜவ்வாது மலைத்தொடரில் வேலூர் ஜில்லா அணைக்கட்டுப் பக்கம் அல்லேரி என்றொரு மலை. 2023 மே மாதம் அங்கே ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு கடித்தது. சரியான ரோடில்லாததால், ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் உயிர் போய்விட்டது. திரும்பும்போதும் ஆம்புலன்ஸ் பாதிவழியில் நின்றுவிட, பெற்ற தாய் பிணத்தைக் கையில் சுமந்துகொண்டு மலையேறினாள். அந்தப் பாரத்தை எந்தச் சாமி வாங்கிக்கொண்டது? விஷமுறிவு ஊசி வேலை செய்வது நேரத்தைப் பொறுத்ததே ஒழியத் தலையெழுத்தைப் பொறுத்ததல்லவே!

இதைத் "தலைவிதி" என்று நாம் சொல்லிவிட்டால் யாருக்கு லாபம்? ரோடு போட வேண்டிய இலாகாவுக்கு லாபம். ஓட்டுக் கேட்க மட்டும் மலையேறுகின்றவருக்கு லாபம். கடவுள் தலையில் நாம் போடுவதாக நினைக்கும் சுமை உண்மையில் இவர்கள் தலையிலிருந்து இறக்கப்பட்ட சுமையே ஆகும். இவர்கள் கைவீசி நடக்கின்றார்கள்; மலை ஜனங்கள் டோலி கட்டி நோயாளியைத் தூக்குகின்றார்கள்.

ஆகவே, இனி யாராவது "அவன் பார்த்துக்கொள்வான்" என்று சொன்னால், அந்த "அவன்" யார், அவனுக்கு உத்தியோகம் என்ன, எந்தத் தேதிக்குள் பார்த்துக்கொள்வான் என்று கேளுங்கள். பதில் சொல்ல முடியாதவன் தலையில் உங்கள் பிள்ளைகளின் உயிரை ஏற்றாதீர்கள்.