அவர்கள் பேசி முடிக்கட்டும்: பள்ளிக் கல்வித் துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு பள்ளிக் கல்வி இயக்குநர் அவர்களுக்கு,



நூறு பேரில் ஏறக்குறைய ஒருவருக்குத் திக்குவாய் இருக்கிறது என்பது உலகெங்கும் சொல்லப்படும் கணக்கு. நம் பள்ளிகளிலும் இந்தப் பிள்ளைகள் இருக்கிறார்கள்; பெரும்பாலும் ஆண் பிள்ளைகள். ஆனால் பேச்சைத் தவிர்க்கப் பழகிவிட்டதால் ஆசிரியர் கண்ணில் படுவதில்லை. விடை தெரிந்தும் "தெரியாது சார்" என்று உட்கார்ந்துவிடுவார்கள். சிக்குகிற சொல்லை விட்டு வேறு சொல்லைத் தேடுவார்கள். சொந்தப் பெயருக்கு மாற்றுச் சொல் இல்லை என்பதால், பெயரைச் சொல்வதே பலருக்கும் பெரும்பாடு. வருகைப் பதிவில் "உள்ளேன் ஐயா" சொல்ல வேண்டிய முறை நெருங்கும்போதே நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

இது பயந்த சுபாவத்தால் வருவதில்லை. வளர்ப்பின் குறையும் இல்லை. பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து வயதுக்குள் தொடங்கும் இந்தத் திக்கலுக்கு, மூளை பேச்சை இயக்கும் விதத்திலும் பரம்பரையிலும் வேர் இருக்கிறது. இதனோடு தொடர்புடைய மரபணு மாற்றங்களை அமெரிக்க ஆய்வாளர்கள் 2010இல் கண்டறிந்தார்கள். பதற்றம் திக்கலைக் கூட்டலாம். அதுவே மூலகாரணம் ஆகாது. நாக்கில் வசம்பு தேய்ப்பதாலும் வாயில் கூழாங்கல்லை அடக்கிக்கொள்வதாலும் அது தீராது.

"பதறாமச் சொல்லு", "மூச்சை இழுத்து விட்டுப் பேசு" என்று நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறோம். பிள்ளையின் காதில் அது "நீ பேசுவது தப்பு" என்றே விழுகிறது. 1939இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், ஓர் அநாதை இல்லத்தில் சரளமாகப் பேசிய சில குழந்தைகளிடம் "உனக்குத் திக்குகிறது, கவனமாகப் பேசு" என்று திரும்பத் திரும்பச் சொல்லி ஓர் ஆய்வு நடத்தினார்கள். அந்தக் குழந்தைகள் பேசவே தயங்கி ஒதுங்கினார்கள். ஆய்வை நடத்திய அயோவா பல்கலைக்கழகம் அதற்காக 2001இல் மன்னிப்புக் கேட்டது. ஓயாத திருத்தம் ஒரு குழந்தையை என்ன செய்யும் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

இந்தப் பிள்ளைகள் கேட்பது அதிகமில்லை. நாங்கள் தொடங்கிய சொல்லை நீங்கள் முடித்துவிடாதீர்கள். சிக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளாதீர்கள். எப்படிச் சொன்னோம் என்பதை விட்டுவிட்டு என்ன சொன்னோம் என்பதைக் கேளுங்கள். இன்னொன்றும் உண்டு: பாவம் என்று எங்களைத் தாண்டி அடுத்தவரிடம் போய்விடாதீர்கள். அவசரப்படுத்துவதைப் போலவே இந்த இரக்கமும் வாயை அடைக்கிறது.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 பேச்சு, மொழிக் குறைபாட்டை வரையறுக்கும்போது குரல்வளை நீக்கம், அஃபேசியா (மூளைப் பாதிப்பால் மொழித்திறன் குன்றுதல்) போன்ற நிலைகளால் வரும் நிரந்தரப் பாதிப்பையே சுட்டுகிறது. திக்கிப் பேசும் பிள்ளை சான்றிதழ் பெற்றுச் சலுகை கேட்பது எளிதல்ல. ஆகவே சான்றிதழ் கேட்காமலே செயல்படக்கூடிய ஒரு சுற்றறிக்கையைத் தாங்கள் வெளியிட வேண்டும்.

வாசிப்பையும் வாய்மொழி விடையையும் மதிப்பிடும்போது வேகத்துக்கும் சரளத்துக்கும் மதிப்பெண் குறைக்கக் கூடாது. வருகைப் பதிவுக்குக் கை உயர்த்தினால் போதும் என்றாக வேண்டும். வரிசைப்படி எழுப்பி வாசிக்கச் சொல்லும்போது, காத்திருக்கும் நேரமே அச்சத்தை வளர்க்கிறது. எப்போது, எப்படி வாசிக்க விருப்பம் என்று பிள்ளையிடம் முன்பே தனியாகக் கேட்கலாம். இன்னொருவரோடு சேர்ந்து வாசிக்கும்போது திக்குவோரில் பெரும்பாலோருக்குத் தடை வெகுவாகக் குறைகிறது. இருவர் இருவராக வாசிக்கும் வழக்கம் எல்லா வகுப்புக்கும் ஏற்றதே. கேலி செய்வதை ஆசிரியர் அன்றே கண்டிக்க வேண்டும். வட்டார வள மையம்தோறும் பேச்சுப் பயிற்சியாளரின் உதவி கிடைக்க வேண்டும்.

இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு நிதி ஒதுக்கீடு தேவையில்லை. அக்டோபர் 22 உலகத் திக்குவாய் விழிப்புணர்வு நாள். அதற்குள் இந்தச் சுற்றறிக்கை ஒவ்வொரு தலைமையாசிரியர் மேசைக்கும் போய்ச் சேர வேண்டும் என்று இந்தப் பிள்ளைகளின் சார்பில் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஆசிரியர் குழு