அந்தத் தடுப்பு இருக்கட்டும்

உல்லாசக் கப்பலில் ஏறப்போகும் குடும்பங்களுக்கு அனுபவசாலிகள் தவறாமல் சொல்லும் யோசனை ஒன்று உண்டு. "பக்கத்துப் பக்கத்து அறையாக எடுங்கள். ஏறினவுடன் சிப்பந்தியைக் கூப்பிட்டு, இரண்டு பால்கனிக்கும் நடுவே இருக்கும் தடுப்பைத் திறந்துவிடச் சொல்லுங்கள். காலணா செலவில்லாமல் பெரிய திண்ணை கிடைத்துவிடும்!"

இந்த யோசனைக்காரர்களோடு சண்டை பிடிக்கத்தான் இன்று பேனாவை எடுத்திருக்கிறேன். சண்டைக்கு வருகிறவனும் யோக்கியன் அல்ல. திறக்கச் சொன்ன பாவிகளில் நானும் ஒருவன்.

கப்பலைப் பார்த்திராதவர்களுக்கு ஒரு வார்த்தை. அறையின் கண்ணாடிக் கதவைத் தள்ளினால் கடலைப் பார்த்தபடி ஒரு சிறு பால்கனி. இரண்டு நாற்காலி, ஒரு குட்டி மேஜை. நாலு எட்டு வைத்தால் முடிந்துபோகும். அதற்கும் அடுத்த அறையின் பால்கனிக்கும் நடுவில் ஆளுயரத் தடுப்பு. பல கப்பல்களில் இது கீல் வைத்த கதவுதான்; சிப்பந்தி தம்மிடமுள்ள சாவியால் திறந்து ஒதுக்கி வைத்துவிடுவார். சில கப்பல்களில் அதை அசைக்கவே முடியாது. (அவற்றைக் கட்டியவர்கள் குடும்பஸ்தர்கள் என்பது என் ஊகம்.)

ஒரு காலத்தில் சாதாரணப் பிரயாணிக்குக் கிடைத்ததெல்லாம் ஒரு வட்ட ஜன்னல்தான். காற்று வாங்க வேண்டுமானால் பொதுத் தளத்துக்கு ஏறிப் போக வேண்டும். 1984-இல் ஓடத் தொடங்கிய 'ராயல் பிரின்ஸஸ்' கப்பலில் எல்லா அறைகளும் கடலைப் பார்த்தே அமைந்தன. பல அறைகளுக்குத் தனிப் பால்கனியும் இருந்தது. பிறகு அதுவே மோஸ்தராகிவிட்டது. ஜனங்கள் கூடுதல் பணம் கொடுத்து அந்த அறைகளைக் கேட்கிறார்கள். எதற்கு? கூட்டமில்லாமல் கடலைப் பார்ப்பதற்கு. அதை விலைக்கு வாங்கிவிட்டு, ஏறின அன்றே சாவி போட்டுத் திறந்து தானம் செய்கிறோம்!

எங்கள் கதை இதுதான். 2024-இல் சிங்கப்பூரிலிருந்து பினாங்குக்கும் புகேட்டுக்கும் நாலு இரவுப் பயணம். அண்ணனும் அண்ணியும் ஓர் அறையில். நாங்கள் அடுத்த அறையில். "திறந்துவிடச் சொல்லுடா" என்றார் அண்ணன். சிப்பந்தி என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். உள்ளே பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்த என் மனைவியை அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

மறுநாள் விடியற்காலை அவள் தலையைக்கூடப் பின்னாமல் காப்பிக் கோப்பையோடு பால்கனிக்குப் போனாள். மலாக்கா ஜலசந்தியில் சரக்குக் கப்பல்களின் விளக்குகள் இன்னும் அணையவில்லை. இரண்டு நிமிஷம் ஆகியிருக்காது. "என்னம்மா, தூக்கம் வரலையா?" என்று கேட்டுக்கொண்டு, தோளில் துண்டோடு அண்ணன் வந்துவிட்டார். அவள் எழுந்து உள்ளே வந்தாள். "உங்க அண்ணனுக்குக் காப்பி வேணுமாம்" என்றாள். இருபது வருஷமாக எங்கள் வீட்டில் அவள் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளக்கூடிய இடம் குளியலறை ஒன்றுதான் என்பது அப்போதுதான் என் மண்டையில் உறைத்தது.

"குடும்பமென்றால் கலந்திருக்கத்தானே?" என்பார்கள். கலந்திருக்கக் கப்பலில் இடத்துக்கா பஞ்சம்? சாப்பாட்டுக்கூடம் இருக்கிறது, நீச்சல் குளம் இருக்கிறது, ஆட்டபாட்டத்துக்கு அரங்கம் இருக்கிறது. "பிடிக்காவிட்டால் மூடச் சொல்வதுதானே?" என்பார்கள். ஆண்பிள்ளை நியாயம் இது! திறக்கச் சொன்னால் பாசம். மூடச் சொன்னால்? "எங்களிடம் என்ன குறை கண்டாள்?" என்று, கப்பல் கரை சேர்ந்து, ஊர் திரும்பி, அடுத்த கல்யாணப் பந்தி வரையில் விசாரணை நடக்கும். சிறு குழந்தைகள் இருந்தால் கேட்கவே வேண்டாம். நம் கதவை நாம் பூட்டியிருப்போம். பக்கத்து அறைக் கதவு திறந்து கிடக்கும். பிள்ளை அந்த வழியாக வெளியே வந்து கம்பியருகே நிற்கும்.

கப்பல் உலகம் இந்தத் தடுப்பைப் பற்றி யோசிக்காமல் இல்லை. 2006 மார்ச் 23 அதிகாலை, ஜமைக்காவை நோக்கிச் சென்ற 'ஸ்டார் பிரின்ஸஸ்' கப்பலின் ஒரு பால்கனியில் பற்றிய நெருப்பு, பிளாஸ்டிக் தடுப்புகளையும் நாற்காலிகளையும் தின்றபடி தளம் தளமாகப் பரவியது. புகையில் ஒரு பிரயாணி இறந்தார். அதன்பின், கப்பல்களில் பால்கனித் தடுப்பு எரியாத பொருளால் ஆனதாக இருக்க வேண்டுமென்று சர்வதேச விதி வந்தது. நெருப்புக்கு விதி எழுதியவர்களிடம் நான் கேட்பது இன்னொரு சின்ன விதி. இரண்டு அறையிலும் உள்ள பெரியவர்களை, பெண்களை முதலில், தனித்தனியாகக் கேட்டுவிட்டுச் சாவியைப் போடுங்கள். இரவு பத்து மணிக்கு யாரையும் கேட்காமலே பூட்டிவிடுங்கள். கப்பல் சட்டம் என்றால் எந்த அண்ணனும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அப்படி ஒரு சட்டம் இல்லாததால், மூன்றாம் நாள் நான் சிப்பந்தியிடம் பொய் சொன்னேன்: தடுப்பு காற்றில் கடகடவென்று ஆடித் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று. அவர் மறுபேச்சில்லாமல் பூட்டிவிட்டார். "எனக்கு ஒரு சத்தமும் கேக்கலையேடா!" என்றார் அண்ணன்.

அன்று மாலை என் மனைவி நாற்காலியைக் கம்பிப் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள். சற்று நேரத்தில் தடுப்புக்கு அந்தப் பக்கமும் ஒரு நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அண்ணன் அப்போது எங்கள் அறைக்குள் என்னோடு சீட்டாடிக்கொண்டிருந்தார்.