ஜி.பி.எஸ். ரிப்போர்ட்டை டிரைவரோடு உட்கார்ந்து பாருங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களில் பலர் அதைக் கடிதம் டைப் செய்யவும், படம் பார்க்கவும், பிள்ளைகளின் படிப்புக்கும்தான் பயன்படுத்துகிறார்கள். ஆனால் நீங்கள் ஒரு லாரியோ, வேனோ, இரண்டு டாக்ஸியோ வைத்துத் தொழில் செய்பவர் என்றால், அதே கம்ப்யூட்டர் உங்கள் டீசல் செலவைக் குறைக்கும். ஒரு விபத்தையும் தடுக்கலாம். தவறாகப் பயன்படுத்தினால் நல்ல டிரைவரை இழக்கவும் நேரும். அதைப் பற்றித்தான் இந்த மாதம் சொல்லப் போகிறேன்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

வண்டியில் பொருத்தும் சிறிய பெட்டியை எல்லாரும் ஜி.பி.எஸ். என்கிறோம். வண்டியின் விவரங்களைச் சேகரித்துத் தொலைவிலிருந்து பார்க்கும் இந்த ஏற்பாட்டுக்கு டெலிமேட்டிக்ஸ் என்று பெயர். பெட்டிக்குள் ஒரு ரிசீவர் உண்டு. அது குறைந்தது நான்கு சாட்டிலைட்களின் சிக்னலை வாங்கி, வண்டி இருக்கும் இடத்தைக் கணக்கிடுகிறது. பல பெட்டிகளில் திடீர் பிரேக்கை உணரும் சென்சாரும் உண்டு. செல்போனில் இருப்பது போன்ற சிம் கார்டு வழியாக இந்த விவரங்கள் சர்வருக்குப் போகின்றன. நீங்கள் யூசர் நேம், பாஸ்வேர்டு கொடுத்து உங்கள் கம்ப்யூட்டரில் பார்க்கிறீர்கள்.

2019 ஜனவரி 1 முதல் பதிவாகும் பஸ், டாக்ஸி போன்ற பயணிகள் வாகனங்களில் இந்தப் பெட்டியும் அவசர உதவி பட்டனும் இருக்க வேண்டும் என்பது மத்திய அரசின் விதி. ஆட்டோவுக்கு இதில் விலக்கு உண்டு. சரக்கு வண்டிக்காரர்கள் பலர் தாங்களாகவே வாங்கிப் பொருத்திக்கொள்கிறார்கள்.

ஒரு காலைப் பொழுது

நாமக்கல்லில் எனக்குத் தெரிந்த ஒருவர் மூன்று லாரி வைத்திருக்கிறார். சென்னைக்கு முட்டை லோடு அனுப்புகிறவர். பெட்டி பொருத்திய முதல் மாதமே ரிப்போர்ட்டைப் பிரின்ட் எடுத்து, ஒரு டிரைவரின் பெயருக்கு எதிரே சிவப்பு மையால் வட்டம் போட்டிருந்தார். ராத்திரி நேரத்தில் மணிக்கு 75, 80 கி.மீ. வேகம். பல இடங்களில் திடீர் பிரேக். சம்பளத்தில் பிடிக்கப் போவதாகச் சொன்னார். நான் அப்போது அங்கே இருந்தேன்.

டிரைவர் அந்தத் தாளை வாங்கி நிதானமாகப் பார்த்தார். "மணியப் பாருங்க மொதலாளி. லோடு ஏத்தி விட்டதே ராத்திரி பதினொண்ணுக்கு. காலையில ஆறு மணிக்கு மெட்ராஸ்ல இருக்கணும்னு சொன்னது நீங்கதானுங்களே" என்றார்.

கணக்குப் போட்டுப் பார்த்தோம். தூரம் சுமார் 370 கி.மீ. கையில் இருப்பது 7 மணி நேரம். டீக்கும் டோல்கேட்டுக்கும் அரை மணி போனால், மீதி நேரம் முழுவதும் சராசரியாக 57 கி.மீ. வேகத்தில் ஓட வேண்டும். ஊர்களையும் வளைவுகளையும் கடந்து ஒரு லோடு லாரி அந்தச் சராசரியை எட்ட வேண்டுமானால், நல்ல ரோட்டில் 80-ஐத் தொடாமல் முடியாது. சிவப்பு வட்டம் போட வேண்டிய இடம் டிரைவரின் பெயர் அல்ல, லோடு ஏற்றிய நேரம். பெட்டி பொய் சொல்லவில்லை. நாம்தான் பாதியைப் படித்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லிவிட்டோம்.

வேகம் கூடினால் இரண்டு நஷ்டம்

வேகம் 60-லிருந்து 80-க்குப் போனால் மூன்றில் ஒரு பங்குதான் கூடியது போலத் தோன்றும். ஆனால் வண்டியை நிறுத்த பிரேக் தாங்க வேண்டிய சக்தி, வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அது கிட்டத்தட்ட 1.8 மடங்காகிறது. எதிர்க்காற்றின் தடையும் அதே 1.8 மடங்கு. அதாவது, விபத்தின் கடுமையைக் கூட்டுவதும் டீசலைக் குடிப்பதும் ஒரே வேகம்தான். பாதுகாப்புக்கு ஒரு திட்டம், சிக்கனத்துக்கு வேறொரு திட்டம் என்று தேட வேண்டியதில்லை.

இஞ்சினை அணைக்காமல் நிறுத்தி வைப்பதையும் பாருங்கள். நெடுந்தூர லாரி நின்ற இடத்திலேயே ஒரு மணி நேரம் ஓடினால் சுமார் 3 லிட்டர் டீசல் போகும் என்பது அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்கு. நம் வண்டி சிறியது, பாதி என்றே வைத்துக்கொள்வோம். தினம் ஒரு மணி நேரம், மாதம் 25 நாள் என்றால் 37 லிட்டருக்கு மேல் வீண். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கார்பன்-டை-ஆக்சைடு வெளியாகிறது. ஆக, எங்கும் போகாமலே மாதம் 100 கிலோ புகை! இதிலும் அவசரப்பட்டு டிரைவரைத் திட்டாதீர்கள். குடோன் வாசலில் வரிசையில் நின்றிருந்தால், பேச வேண்டியது குடோன்காரரிடம்.

ஐரோப்பாவில் எப்படி?

ஐரோப்பிய யூனியனில் 2006 மே மாதம் முதல் புதிய லாரிகளில் டிஜிட்டல் டாக்கோகிராஃப் என்ற கருவி கட்டாயம். டிரைவர் தன் கார்டைச் செருகிவிட்டுத்தான் ஓட்ட வேண்டும். நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வு எடுக்க வேண்டும். இதே விதிமுறையில் இன்னும் இரண்டு விஷயங்கள் உண்டு. டிரைவர் விதியை மீறினால் நிறுவனமும் பொறுப்பு. ஓடிய தூரத்துக்கோ ஏற்றிய சரக்குக்கோ தகுந்தபடி, ஆபத்தைத் தூண்டும் விதத்தில் கூலி கொடுக்கக் கூடாது. அங்கே அந்தக் கருவி முதலாளியையும் சேர்த்தே கண்காணிக்கிறது. நம் ஊரிலும் 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் பொதுவாக நாளுக்கு 8 மணி நேர வேலை, 5 மணி நேரத்துக்குப் பின் அரை மணி ஓய்வு என்றுதான் வகுத்தது. அதைக் கணக்கிடக் கருவி இல்லாத காலம் அது. இப்போது கருவி இருக்கிறது.

நீங்கள் செய்ய வேண்டியது

ரிப்போர்ட் பக்கத்தில் ஒரு வாரத் தேதியைக் கொடுத்து, ஃபைலை டவுன்லோட் செய்து எக்ஸெலில் திறங்கள். டேட்டா மெனுவில் உள்ள ஃபில்டரைக் கிளிக் செய்து, வேகம் அதிகமான வரிகளை மட்டும் பிரியுங்கள். பக்கத்துக் காலத்தில் வண்டி கிளம்பிய நேரத்தை நீங்களே டைப் செய்யுங்கள். தாமதமாகக் கிளம்பிய நாட்களும் வேகமாக ஓடிய நாட்களும் ஒன்றாக வருகின்றனவா என்று பாருங்கள்.

பிறகு திடீர் பிரேக் பிடித்த இடங்களை வரிசைப்படுத்துங்கள். ஒரே டிரைவர் பல இடங்களில் பிடித்திருந்தால், அவரிடம் பேசலாம். வெவ்வேறு டிரைவர்கள் ஒரே இடத்தில் பிடித்திருந்தால், குறை அந்த இடத்தில்தான். அங்கே நிதானம் தேவை என்று எல்லாரிடமும் சொல்லி வையுங்கள்.

பெட்டிக்கும் எல்லை உண்டு. குறுக்கே மாடு வந்ததா, டிரைவர் செல்போனைப் பார்த்தாரா என்று அதற்குத் தெரியாது. இரண்டிலும் பதிவாவது 'திடீர் பிரேக்' என்ற ஒரே சொல்தான். மீதியைச் சொல்ல டிரைவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

இன்னொன்று. பல பெட்டிகள் 123456 போன்ற பாஸ்வேர்டோடு விற்கப்படுகின்றன. முதல் வேலையாக அதை மாற்றுங்கள். இல்லாவிட்டால் உங்கள் வண்டி எங்கே நிற்கிறது என்பது யாருக்கு வேண்டுமானாலும் தெரியும்.

"சில டிரைவர்கள் வேண்டுமென்றே வேகமாக ஓட்டுகிறார்கள், டீசல் திருடுகிறார்கள், அவர்களையும் கொஞ்ச வேண்டுமா?" என்று கேட்பீர்கள். வேண்டாம். நேரமும் ஓய்வும் சரியாகக் கொடுத்த பிறகும் 80-ல் பறப்பவரை ரிப்போர்ட்டே காட்டிக் கொடுத்துவிடும். அப்போது நீங்கள் கண்டித்தால் மற்ற டிரைவர்களும் அதை நியாயம் என்று ஒப்புக்கொள்வார்கள்.

நாமக்கல் நண்பர் இப்போது எட்டு மணிக்குள் லோடு ஏற்றி முடிக்கிறார். சம்பளப் பிடித்தம் பேச்சே இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் மானிட்டருக்கு முன்னால் இரண்டு நாற்காலி போடுகிறார். உங்கள் வீட்டிலும் இன்னொரு நாற்காலி இருக்கும்தானே?