விழாவிற்குப் பின்னும் வாழும் அரங்கம்

திருமணத்திற்கு இடும் பந்தல் ஒருவகை. திருக்கோயிலில் எழுப்பும் கல்மண்டபம் மற்றொருவகை. பந்தல் இரண்டு நாள் நிழல் தந்து, மூன்றாம் நாள் பிரிக்கப்படுகிறது. அதன் மூங்கிலும் கீற்றும் வேறொரு வீட்டு விழாவிற்குப் பயன்படச் சென்றுவிடுகின்றன. கல்மண்டபமோ தலைமுறை தலைமுறையாக நின்று, நாடோறும் மக்களுக்கு இடந்தருகிறது. இவ்விரண்டும் தத்தம் நிலையில் சிறந்தனவே. ஆனால், பந்தலைப் போலப் பிரிக்கவும் இயலாமல், மண்டபத்தைப் போலப் பயன்படவும் இயலாமல் வெறுமனே நிற்கும் கட்டடத்தால் யாருக்கு என்ன பயன்? பெரும்பொருள் செலவிட்டு விளையாட்டரங்கம் எழுப்பும் நாடுகள் யாவும் முதற்கண் விடை காண வேண்டிய வினா இதுவேயாகும்.

விளையாட்டுக்களுள் ஜிம்னாஸ்டிக்ஸ் எனப்படும் சீருடற்பயிற்சி தனிச்சிறப்பு வாய்ந்தது. அதில் மகளிர்க்கென அமைந்த சமநிலைக் கட்டையின் நீளம் 5 மீட்டர். உயரம் 125 சென்டிமீட்டர். அகலமோ 10 சென்டிமீட்டரே. கையகலமே உள்ள அக்கட்டையின்மேல் இளநங்கையர் ஓடுகின்றனர், துள்ளுகின்றனர், வானில் சுழன்று மீண்டும் அதன்மீதே கால் ஊன்றுகின்றனர். ஆடவரோ உயரத்திலுள்ள குறுக்குச் சட்டத்தைப் பற்றிச் சுழன்று, பிடியை விட்டுப் பறந்து, மீண்டும் அதனைப் பற்றுகின்றனர். சிறு காற்று வீசினும் அடி பிறழும். வெயில் கண்ணிற்பட்டாலும் பிடி தவறும். ஆதலின், இக்கலைக்குக் கூரையும் சுவரும் இன்றியமையாதனவாயின.

எனினும், தொடக்கத்தில் இந்நிலை இல்லை. 1896-ஆம் ஆண்டு ஏதென்சு நகரில் நடைபெற்ற ஒலிம்பிக் விழாவில் இப்போட்டிகள் திறந்தவெளியிலேயே நிகழ்ந்தன. 1960-ஆம் ஆண்டில் உரோமாபுரியில், பண்டைய நீராட்டு மண்டபம் ஒன்றின் இடிந்த சுவர்களுக்கு இடையே வீரர்கள் தம் திறனைக் காட்டினர். பிற்காலத்தில் உள்ளரங்கமே இதற்கு உரிய இடம் என்பது உறுதியாயிற்று. ஆடவர் கருவிகள் ஆறு, மகளிர் கருவிகள் நான்கு. பல கருவிகளில் ஒரே நேரத்தில் போட்டி நிகழ்வதால், இடையே தூண் ஒன்றும் இல்லாத அகன்ற கூடம் தேவைப்பட்டது.

அங்ஙனமாயின், இக்கலைக்கெனத் தனி அரங்கம் கட்டியே ஆகவேண்டுமா? கனடா நாட்டு மாண்டிரியால் நகரம் இதற்கு விடை கூறுகிறது. 1976-ஆம் ஆண்டு அங்கு நடைபெற்ற ஒலிம்பிக் விழாவில், உருமேனிய நாட்டுப் பதினான்கு வயதுச் சிறுமி நாடியா கொமனேச்சி, குறையொன்றும் காணவியலாத முழுமதிப்பெண்ணாகிய 10-ஐப் பெற்றார். அம்மதிப்பெண்ணைக் காட்டுதற்கு மதிப்பெண் பலகையில் இடமில்லாமையால், அது 1.00 என்றே காட்டிற்று. இவ்வருஞ்செயல் நிகழ்ந்த இடம் சீருடற்பயிற்சிக்கென எழுப்பப்பட்டதன்று. 1924-ஆம் ஆண்டில் பனிக்கட்டி ஹாக்கி ஆட்டத்திற்கெனக் கட்டப்பட்ட பழைய அரங்கமே அது. அதே விழாவிற்கெனப் புதிதாக எழுப்பிய பெரிய விளையாட்டரங்கின் கடனோ, முப்பது ஆண்டுகள் கழித்து 2006-ஆம் ஆண்டிலேதான் தீர்ந்தது! இரவல் இடத்திலும் கலை ஒளிரும். புதுக்கட்டடமோ கடன்சுமையாகவும் மாறும். ஆகவே, இக்கலைக்கெனத் தனி அரங்கம் கட்ட முனைவோர், விழா முடிந்தபின் அதனை என்செய்வது என்பதையும் முன்னரே எண்ணுதல் வேண்டும்.

இவ்வாறு முன்னரே எண்ணிக் கட்டப்பட்டது சப்பான் நாட்டுத் தலைநகராகிய டோக்கியோவில் உள்ள அரியாக்கே அரங்கம். கடலைத் தூர்த்து உண்டாக்கிய நிலப்பகுதியில் அமைந்த இவ்வரங்கம் 2019-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்டது. பன்னிரண்டாயிரம் பேர் அமரத்தக்க இதன் கூரையை மரவிட்டங்கள் தாங்குகின்றன. ஏறத்தாழ 90 மீட்டர் அகலத்தை இடையே தூணின்றிக் கடந்து செல்கின்றன அவ்விட்டங்கள்! மெல்லிய மரப்பலகைகளைப் பசையிட்டு ஒன்றன்மேல் ஒன்றாக இறுக ஒட்டி, வலிய விட்டங்களாக்கும் முறையால் இது கைகூடிற்று. புறத்தே நின்று நோக்குவார்க்கு, நீர்மேல் மிதக்கும் பெரியதொரு மரக்கலம் போல் இது தோன்றுகிறது.

மரம் நெருப்பிற்கு இரையாகாதோ எனச் சிலர் ஐயுறலாம். மெல்லிய மரம் விரைவில் எரியும் என்பது உண்மையே. பருத்த விட்டமோ புறத்தே கரியாகி, அக்கரியே உள்மரத்திற்குக் கவசமாக நின்று, எரிதலைத் தாமதப்படுத்தும். மேலும், மரம் எடை குறைந்தது. வெட்டிய இடத்தில் மீண்டும் வளரவல்லது. பிரித்தெடுத்து மற்றொன்றிற்குப் பயன்படுத்தத்தக்கது.

2020-ஆம் ஆண்டில் நிகழ்ந்திருக்க வேண்டிய ஒலிம்பிக் விழா, உலகெங்கும் பரவிய கொள்ளைநோயால் 2021-ஆம் ஆண்டிற்குத் தள்ளிப்போயிற்று. அப்பொழுதும் பார்வையாளர் உள்ளே விடப்பட்டிலர். பன்னிரண்டாயிரம் பேருக்கென அமைத்த இருக்கைகள் வெறுமையாகக் கிடந்தன. ஆயினும், கலை குன்றவில்லை. பத்தொன்பது வயதினரான சப்பானிய இளைஞர் டைக்கி அசிமோட்டோ தம் நாட்டிற்குப் பொற்பதக்கம் ஈட்டினார். இந்திய நாட்டின் பிரணதி நாயக்கும் அங்குப் போட்டியிட்டார். 1992-ஆம் ஆண்டு தொட்டு எட்டு ஒலிம்பிக் விழாக்களில் பங்கு கொண்ட உசுபெக்கிசுத்தான் நாட்டு ஒக்சானா சுசோவிட்டினா, தமது நாற்பத்தாறாம் வயதில் அங்கே தாவிக் காட்டினார். இறுதிச்சுற்றுக்கு அவர் தேர்வு பெறவில்லை. எனினும், உடன்போட்டியிட்டோரும் அலுவலரும் எழுந்து நின்று கைதட்டி அவரைப் போற்றினர். அவ்விழாவை அடுத்து நடந்த பாராலிம்பிக் போட்டியில், கடும் உடற்குறை உடையோர் ஆடும் பொச்சியா என்னும் பந்தாட்டத்திற்கும் அவ்வரங்கமே இடமாயிற்று.

விழா முடிந்தது, அரங்கத்தின் பணி முடியவில்லை. போட்டிக்குப் பின் ஏறத்தாழப் பத்தாண்டுக்காலம் பொருட்காட்சி மண்டபமாக அது பயன்படவேண்டும் என்று கட்டுவதற்கு முன்னரே திட்டமிட்டிருந்தனர். அத்திட்டப்படியே தற்காலிக இருக்கைகள் அகற்றப்பட்டன. 2023-ஆம் ஆண்டில் அது பொருட்காட்சி மண்டபமாகத் திறக்கப்பட்டது. வீரர் பறந்த கூடத்தில் இன்று வணிகரும் கைவினைஞரும் தம் பொருள்களைப் பரப்புகின்றனர். தூணில்லாத கூடம் போட்டிக்கு எத்துணை ஏற்றதோ, அத்துணை ஏற்றது காட்சிக்கும் அன்றோ?

இரண்டாயிரம் கோடி யென்னுக்கு மேற்பட்ட பொருளைச் சின்னாட் போட்டிக்கும் பத்தாண்டுக் காட்சிக்கும் செலவிடுவது முறையாகுமா என்று வினவுவார் உளர். அவர்தம் வினாவை எளிதில் தள்ளிவிடுதல் ஆகாது. வரி செலுத்திய மக்கள் கணக்குக் கேட்கும் உரிமை உடையவர். திட்டம் நன்றாயிருந்தது என்பது மட்டும் அவர்க்கு விடையாகாது. ஆண்டில் எத்தனை நாள் அதன் கதவு திறந்துள்ளது என்பதே தக்க விடையாகும். ஆயினும், திட்டமேயின்றிக் கட்டி, விழா முடிந்தபின் பூட்டிவைத்து, புல் முளைக்கவிடும் செயலினும் இஃது எவ்வளவோ மேலானதன்றோ?

சமநிலைக் கட்டையில் ஆடும் நங்கை, தாவுமுன்பே தன் கால் எங்கு ஊன்றும் என்பதை அறிந்திருக்கிறாள். அதனை அறியாது தாவினால், எத்துணை அழகாகச் சுழன்றாலும் இறுதியில் விழுவாள். அரங்கம் கட்டுவோர்க்கும் அவள் தாவும் முறையே பாடமாகும். எழும்பும் உயரத்தைக் கண்டு உலகம் வியக்கும். ஆனால், செம்மையாகக் கால் ஊன்றி நிற்பதிலேதான் வெற்றி அமைந்துள்ளது. வருங்காலத்தில் ஊர்தோறும் நாடுதோறும் அரங்கங்களை எழுப்பப் போகும் இன்றைய மாணவர், முதற்கல்லை நாட்டும்பொழுதே விழாவின் மறுநாளையும் மனத்திற்கொள்வாராக!