கன்னியாக் கிணறுகள்: காவலர் உடைமைக்காரர் ஆகலாமா?

யாழ்ப்பாணத்துக் கமக்காரர் எவரேனும் தமது காணி உறுதியை எடுத்து வாசிப்பாராயின், பரப்பும் எல்லையும் கூறி முடிந்தவிடத்தே கிணற்றிற் பங்கும் வழிவாய்க்காலும் எழுதப்பட்டிருக்கக் காண்பார். காணி பலவாகப் பிரிந்தாலும் கிணறு ஒன்றாகவே நிற்கும். முறைநாள் வகுத்து எல்லோரும் நீர் இறைப்பர். அக்கிணற்றுக்குக் கட்டுக் கட்டியவரோ தூர் வாரியவரோ அதனால் மற்றப் பங்காளிகளை வெளியேற்றும் உரிமை பெறுவதில்லை. கிராமந்தோறும் விளங்கும் இந்நீதி கன்னியாவில் மட்டும் விளங்காமற் போனதேன் என்பதே நமது கேள்வி.

திருகோணமலைத் துறைமுகப் பட்டினத்திலிருந்து அநுராதபுரம் செல்லும் வீதியில், ஏறக்குறைய ஐந்து கட்டை தூரத்தில் இருக்கிறது கன்னியா. ஒரே மதிலுக்குள் ஏழு சிறு கிணறுகள். ஆழம் மூன்று நான்கு அடி. ஒன்றின் வெம்மை மற்றொன்றினின்றும் சிறிது வேறுபடும். இலங்கையில் எரிமலை இல்லை. மழைநீர் பாறைப் பிளவுகளினூடே ஆழத்துக்கு இறங்கி, அங்குள்ள சூட்டை ஏற்று மேலெழுகின்றது என்பர் நிலவியலார். நமது மூதாதையர் கூறிய காரணம் வேறு. தாய்க்கு ஈமக்கடன் ஆற்ற முனைந்த இராவணன் நிலத்தில் ஏழிடத்திற் குத்த, வெந்நீர் பீறிட்டது என்பது அவர்கள் வழிவழி சொல்லிய கதை.

இக்கதையைச் சரித்திரச் சான்றாக எந்த நீதிமன்றத்திலும் நாம் முன்வைக்கமாட்டோம். எனினும் அது ஒன்றுக்குச் சான்றாகும். தாயை இழந்த மகன் நீராடிக் கடன் தீர்க்கும் இடம் இதுவென மக்கள் நெடுங்காலமாகக் கொண்டிருந்தனர். திருகோணமலைச் சைவர் முப்பத்தோராம் நாட் கடனையும் ஆடியமாவாசைப் பிதிர்க்கடனையும் இங்கேயே ஆற்றி வந்தனர். பக்கத்திலே பிள்ளையார் கோயிலும் இருந்தது.

முன்னர் உள்ளூராட்சிச் சபையின் பொறுப்பிலிருந்த இக்கிணறுகள் பின்னர் தொல்பொருள் திணைக்களத்தின் கைக்குச் சென்றன. இவ்விடம் பழைய பௌத்த மடாலயத்தைச் சேர்ந்தது என்பது திணைக்களத்தார் கூற்று. பழுதுற்ற பிள்ளையார் கோயிலைத் திருப்பிக் கட்டுதற்கு இடமளிக்கப்படவில்லை. 2019ஆம் ஆண்டில், கோயிலின் எஞ்சிய அத்திவாரத்தையும் குலைத்து அங்கே தூபி எழுப்பும் முயற்சி தொடங்கிற்று. அவ்வாண்டு ஜூலை 16ஆம் நாள் வழிபடச் சென்ற அடியார்கள் வழியிலே தடுக்கப்பட்டனர். ஆதீன முதல்வர்மீது சுடுதேநீர் ஊற்றப்பட்டது. ஜூலை 22ஆம் நாள் திருகோணமலை மேல் நீதிமன்றம் அக்கட்டுமானத்துக்கு இடைக்காலத் தடை விதித்தது.

பௌத்த எச்சம் அங்கு இருக்கவே முடியாது என்று நாம் வாதாட வரவில்லை. கன்னியாவிலிருந்து சில கட்டை தொலைவில், பெரியகுளத்தருகே வெல்கம் விகாரை உண்டு. இராசராசப் பெரும்பள்ளி என்னும் பெயரும் அதற்கு வழங்கிற்று. பதினோராம் நூற்றாண்டிலே தமிழர் அப்பள்ளிக்கு அளித்த தானங்களைத் தமிழ்க் கல்வெட்டுக்கள் கூறுகின்றன. சோழராட்சியில், சைவ மன்னர் நாளில், தமிழ்ப் பௌத்தர் போற்றிய பள்ளி அது. ஆகவே ஒரு செங்கல்லிற் புத்தர் பெயர் கண்டவுடன் அந்நிலம் தமிழருக்கு அந்நியமாயிற்று என்று முடிவு கட்டுவது எந்தச் சரித்திரம்?

பழைமையே உரிமை தருமெனின், மகாவம்சத்தையும் விரித்துப் பார்க்கட்டும். மகாசேன மன்னன் தேவாலயங்களை அழித்து விகாரைகள் அமைத்த இடங்களுள் கோகண்ணமும் ஒன்றென அந்நூலே கூறுகின்றது. கோகண்ணம் திருகோணமலையின் பழம்பெயர். 1624ஆம் ஆண்டிற் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்ததும் யாவரும் அறிந்ததே. ஒருவர் இடித்ததன் மேல் மற்றவர் கட்டுவதே நியாயமாயின், இந்நாட்டில் எந்தக் கோபுரமும் எந்தத் தூபியும் நிலைக்குமா?

இனிச் சட்டத்துக்கு வருவோம். தொல்பொருளைக் காப்பது 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். 1815ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் நாளுக்கு முற்பட்டது எதுவோ அதுவே தொல்பொருள் என அது வரையறுக்கின்றது. காலத்தைக் கேட்கும் அச்சட்டம் சமயத்தைக் கேட்கவில்லை. பழைய அத்திவாரத்தின்மேற் பிள்ளையாருக்குக் கோயில் கட்டினால் தொல்பொருள் கெடுமென்றால், அதே அத்திவாரத்தின்மேல் தூபி கட்டினால் அது கெடாதோ? இவ்வொரு கேள்விக்கு விடையளிக்கும் வரையில், காத்தல் என்னும் சொல்லை அவர்கள் வாயில் நாம் நம்பமுடியாது.

பத்தாண்டு ஆட்சியால் உரிமை தரும் 1871ஆம் ஆண்டுச் சட்டம் அரச காணிக்குச் செல்லாது என்பதை நாம் அறிவோம். நாம் கோருவது நிலத்தின் உடைமையன்று, வழிபாட்டின் உரிமை. 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு 9ஆம் உறுப்புரையிற் பௌத்தத்துக்கு முதன்மை இடம் அளித்தது. ஆனால் அதே உறுப்புரை 10ஆம், 14ஆம் உறுப்புரைகள் ஏனையோர்க்கு உறுதிசெய்த சமய உரிமைகளையும் உடன் கூறுகின்றது. முன்பாதியை மட்டும் வாசித்துப் பின்பாதியை மறைப்பது சட்டத்தை வாசிப்பதாகாது.

2020ஆம் ஆண்டு ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமைக்கென ஜனாதிபதி செயலணி அமைக்கப்பட்டது. தலைவர் பாதுகாப்புச் செயலாளர். தமிழரும் முஸ்லிம்களும் பெரும்பான்மையாய் வாழும் மாகாணத்தின் பழைமையை ஆராய அமைந்த அச்சபையில், அமைக்கப்பட்டபோது ஒரு தமிழரோ ஒரு முஸ்லிமோ இல்லை. பழைமையைக் காக்கச் சென்றவர்க்கு அதனோடு வாழும் மக்கள் வேண்டப்படாதது ஏன்?

நமது கோரிக்கைகள் மூன்று. கன்னியாவில் எச்சமதத்தினரும் புதுக் கட்டடம் எழுப்பலாகாது என்பாராயின், அவ்விதி எல்லோர்க்கும் ஒன்றாக இருக்க வேண்டும். பிள்ளையார் வழிபாடும் பிதிர்க்கடனும் அனுமதிச்சீட்டின்றித் தடையின்றி நடைபெற வேண்டும். கிணறுகளின் பராமரிப்பில் அவ்வூர் மக்களுக்கும் உள்ளூராட்சிச் சபைக்கும் இடம் வேண்டும்.

இடைக்காலத் தடை முடிவான தீர்ப்பாகாது. வழக்கறிஞர் மன்றில் வாதாடுவர். ஆனால் வழக்காறு மன்றிலே பிழைப்பதில்லை, மக்கள் நடையிலே பிழைக்கின்றது. ஆடியமாவாசையன்று கன்னியாவுக்குச் செல்லுங்கள். பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். பங்காளி வராத கிணற்றைத் தனக்கென்று எழுதிக்கொள்ள எவனும் துணிவான். முறைநாளிற் பங்காளி வாளியுடன் வந்து நிற்கும் கிணற்றை எவன் எழுதிக்கொள்வான்?